பெயிண்ட் அடிப்பது கடைசி வேலை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் மோட்டார் விஷயம் பேச வந்து என்னிடம் மாட்டிக்கொண்ட அன்பர்களே,

நான் ஏன் பேச எழுந்தேன் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மொட்டை மாடியில் லுங்கி கட்டிய ஒரு பெரியவர், கையில் துப்பாக்கி. படத்தின் கீழே மூன்று கேள்விக்குறிகள். அந்தப் பெரியவர் நான்தான். பக்கத்துக் கட்டடத்திலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். செயலாளர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். அவர் வந்து பார்த்தபோது என் கையில் இருந்தது துப்பாக்கியின் பிளாஸ்டிக் பாகம் மட்டும். குழலும் விசையும் கீழே பீரோவில் பூட்டி இருந்தன. ஆனாலும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? முன்கூட்டியே குழுவில் ஒரு வரி போட்டிருக்க வேண்டும். போடவில்லை, என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாவிட்டாலும் பிளாஸ்டிக் இருக்கிறது, பெயிண்ட் உரிகிறது. ஆகவே பயன்படும்.

என் பேத்தி சென்னையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஏர் ரைஃபிள் சுடக் கற்றுக்கொள்கிறாள். காற்றழுத்தத்தில் சிறு ஈயக்குண்டு பாயும், 10 மீட்டர் தூரத்து அட்டையில் சுட வேண்டும். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அதே 10 மீட்டர் போட்டி. அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். நம் பக்கத்து மாவட்டமான கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இதே விளையாட்டில். பேத்தியின் அறையில் அந்தப் பெண்ணின் படம் ஒட்டியிருக்கிறது.

உரிமம் வேண்டாமா என்று செயலாளர் கேட்டார். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கு மேற்படாமல், 20 ஜூல் ஆற்றலுக்கு மேற்படாமல் இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. இவளுடையது அந்த வரம்புக்குள் வருவது. வாங்கிய ரசீது என்னிடம் ஒரு நகல் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். வங்கியில் 34 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் ரசீதில்லாமல் பேச மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ரைஃபிளைத் தோளில் அணைத்து, கன்னத்தை வைத்துக் குறி பார்க்கிற கட்டை இருக்கிறதே, பட் என்போம், அது முன்பெல்லாம் மரம். எங்கள் கிளையில் காவலுக்கு இருந்தவர் முன்னாள் ராணுவத்தினர். அவரது இரட்டைக்குழல் துப்பாக்கியின் கட்டைக்கு மாதம் ஒரு முறை ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்ப்பார். மரம் அந்த எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். இருபது வருஷம் கழித்தும் அது பளபளவென்றுதான் இருந்தது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். 1959-லேயே அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் நைலானில் கட்டை வைத்து ‘நைலான் 66’ என்ற ரைஃபிளைக் கொண்டுவந்து லட்சக்கணக்கில் விற்றது. நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளிலும் மரத்தின் இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தது. மழையில் உப்பாது, வெயிலில் வளையாது, எடையும் குறைவு. ஆனால் ஒன்று, பிளாஸ்டிக் எதையும் குடிக்காது. எண்ணெயையும் குடிக்காது, பெயிண்டையும் குடிக்காது. என் தொல்லையெல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதமானது.

மே மாத விடுமுறைக்கு வந்தவள், “தாத்தா, எல்லார் துப்பாக்கியும் கறுப்பு. எனக்கு மட்டும் மஞ்சளும் பச்சையுமா அடிச்சுத் தர்றியா?” என்று கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் இறங்கிவிட்டேன். நம் வாசல் கேட்டுக்கு அடித்த பச்சை எனாமல் மிச்சம் இருந்தது. மஞ்சள் ஒரு சிறு டப்பா வாங்கினேன். கட்டையைத் தின்னரில் துடைத்தேன். துடைத்த துணியெல்லாம் கறுப்பாகியது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அது மட்டும் போதாது என்பது பிறகுதான் தெரியும். பிரஷ்ஷால் இரண்டு கை அடித்தேன். மாடி வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று வைத்தேன். மறுநாள் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. மூன்றாம் நாள் அவள் ஊருக்கு எடுத்துப்போய்விட்டாள்.

பயிற்சிக்கூடத்தில் மே மாதப் புழுக்கம். கன்னத்தில் வியர்வை. ஒரு மணி நேரம் கன்னத்தை அழுத்தி வைத்தவள் எழுந்தபோது முகத்தில் பச்சை. பயிற்சியாளர், போய் முகம் கழுவி வா என்றாராம். சேர்ந்தவர்கள் சிரித்தார்களாம். இதெல்லாம் என் மகள் ரொம்ப நாள் கழித்துச் சொன்னது. பேத்தி என்னிடம் சொல்லவே இல்லை. போனில் கேட்கும்போதெல்லாம், “நல்லாத்தான் இருக்கு தாத்தா” என்பாள். ஒருநாள் வீடியோ காலில் பின்னால் மேஜை மேல் ரைஃபிள் தெரிந்தது. கட்டையைச் சுற்றி ஒரு பழைய கர்ச்சீப்பைக் கட்டி வைத்திருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பதை இந்தச் சபையில் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

காலாண்டு விடுமுறையில் அவள் கொண்டுவந்தபோது பார்த்தேன். வறுத்த மல்லாட்டையை உள்ளங்கையில் தேய்த்தால் தோல் எப்படிக் கழலும், அப்படிக் கழன்றிருந்தது. நகத்தால் ஓர் ஓரத்தைத் தூக்கினால் விரல் நீளத்துக்கு வந்தது.

திண்டிவனம் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு பெயிண்ட் அடிக்கிற ஒரு தம்பி இருக்கிறார். அவரிடம் போனேன். கட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “என்ன சார் பெயிண்ட்?” என்று கேட்பார் என்று நினைத்தேன். “எதால கழுவினீங்க?” என்று கேட்டார். தின்னர் என்றதும் ஒரு பெருமூச்சு விட்டார். “சார், பெயிண்ட் அடிக்கறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி வேலையெல்லாம் நீங்க செய்யவே இல்ல” என்றார். பி.காம். படித்தவனுக்கு ஒரு நல்ல பாடம் அன்று கிடைத்தது.

அவரிடம் கற்றதையும், நானாகப் படித்ததையும், கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பிரிப்பது. ரைஃபிளில் குண்டு இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளை மட்டும் கழற்றினேன். எந்தத் திருகு எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். உள்ளே அழுத்தி வைத்த ஸ்பிரிங் இருக்கும் பகுதியைத் தொடவே இல்லை. தொடவும் கூடாது, அவிழ்ந்து முகத்தில் அடிக்கும். இரும்புப் பாகம் தனியாகப் போய்விட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. அதில் பொறித்த எண் மேல் பெயிண்ட் படாது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கிற விவசாயிகள் நம் வட்டாரத்தில் உண்டு, அவர்களுக்காகச் சொல்கிறேன்: துப்பாக்கியின் எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அழகுக்காகச் செய்தேன் என்ற சமாதானமெல்லாம் அங்கே எடுபடாது.

அடுத்து, இது என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். கட்டையின் உள்பக்கத்தில் அச்சிலேயே சிறு எழுத்துகள் வார்த்திருப்பார்கள். இவளுடையது கண்ணாடி இழை கலந்த நைலான். நைலானும் ஏபிஎஸ்ஸும் ஒழுங்காகச் சுரண்டினால் பெயிண்டை ஏற்கும். பாலிப்ரொப்பிலீன் என்பது வேறு ஜாதி. நம் வீடுகளில் இருக்கும் வார்ப்பு நாற்காலிகள் பெரும்பாலும் அதுதான். முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். சும்மா அடித்தால் எதுவும் ஒட்டாது. அதற்கென்று ஒட்டுத்தன்மை தரும் தனி பிரைமர் கார் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும், அதை முதலில் மெல்லிசாக அடிக்க வேண்டும். மாடித் தண்ணீர்த் தொட்டி பாலிஎதிலீன். அது இன்னும் மோசம். போன வருஷம் தொட்டிக்கு வெள்ளையடிக்கலாம் என்று இதே சபையில் பேசினோம், நானும் கை தூக்கினேன். இப்போது அந்த ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

பெயர் தெரியாவிட்டால் தண்ணீர் சொல்லிவிடும். சுத்தம் செய்த பிளாஸ்டிக்கில் சில துளி தண்ணீர் தெளியுங்கள். தாமரை இலையில் போல உருண்டு நின்றால் பெயிண்டும் அப்படித்தான் நிற்கும். பரவிப் படர்ந்தால் நல்ல சகுனம்.

கழுவுவது பெரிய வேலை. அச்சிலிருந்து எளிதாக வெளியே வருவதற்காகத் தொழிற்சாலையில் மெழுகோ சிலிக்கோனோ தடவியிருப்பார்கள். அதன் மேல் துப்பாக்கி எண்ணெய், கை வியர்வை, என் பேத்தி தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய். பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்தேன். நைலான் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் முழுதாக ஒரு நாள் நிழலில் காயவிட்டேன். எனக்கு இதோடு என் பழைய எனாமலை எடுக்கிற வேலையும் சேர்ந்தது. பெயிண்ட் கரைக்கிற மருந்து போட்டால் பிளாஸ்டிக்கும் போய்விடும். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்து, மூன்று மாலை தேய்த்தேன். நீங்கள் குழுவில் பார்த்த படம் இரண்டாம் மாலை. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கை உலர்வாகத் தேய்த்தால் தூள் பறந்து உடம்பெல்லாம் அரிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. ஈரத்தில் தேய்ப்பதே நல்லது.

முதலில் 400, பிறகு 600 நம்பர். பளபளப்பு முழுக்கப் போய், சிலேட்டு மாதிரி மங்கிய தோற்றம் வர வேண்டும். அந்த நுண்ணிய கீறல்கள்தான் பெயிண்டுக்குப் பிடிமானம். பனமலை தாளகிரீசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். பல்லவ மன்னன் இராசசிம்மன் கட்டியது. சுவரில் தலை சாய்த்து நிற்கும் தேவியின் ஓவியம் சிதைந்த நிலையிலும் இன்னும் தெரிகிறது, 1,300 வருஷமாக. அந்த ஓவியர்கள் நேரே கல்லில் வண்ணம் பூசவில்லை. கல்லின் மேல் சுண்ணாம்புப் பூச்சுக் கொடுத்து, அந்தப் பூச்சின் மேல்தான் எழுதினார்கள். நான் தாசில்தார் அலுவலகத்துக்கு நடக்கிற அவசரத்தில் மே மாதம் செய்த வேலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தேய்த்த பின் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தேன். மருந்துக் கடையில் கிடைக்கும். அதற்குப் பிறகு வெறும் கையால் தொடவில்லை. ஒரு விரல் ரேகை போதும், அந்த இடத்தில்தான் முதலில் உரியும்.

பிரைமர், அதன் மேல் மஞ்சள், எல்லாம் ஸ்பிரே டப்பாதான். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கட்டைக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்துபோய் வெளியே விட வேண்டும். முதல் கை அடித்தால் கீழே இருக்கும் நிறம் தெரியத்தான் செய்யும். தெரியட்டும். மெல்லிசாக நான்கு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிஷம். ஒரே கையில் மூடப் பார்த்தால் வழியும். மதிய வெயிலில் அடித்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து பொடியாக விழும். வெயிலில் காயவைத்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும். மழை ஈரத்தில் அடித்தால் வெளுத்துப் போகும். ஆகவே மழை இல்லாத ஒரு நாள், காலை எட்டரை மணி, மாடிப் படி நிழல். ஸ்பிரே டப்பாவில் இருக்கும் வாயு தீப்பற்றும். சமையலறைப் பக்கமும் பூஜை விளக்குப் பக்கமும் வேண்டவே வேண்டாம்.

பச்சை நிறத்துக்கு ஒரு வேடிக்கை செய்தேன். மார்க்கெட்டில் வெங்காயம் கட்டித் தரும் வலைப்பை இருக்கிறதே, அதைக் காய்ந்த மஞ்சளின் மேல் இறுக்கி இழுத்து, மேலிருந்து பச்சை அடித்தேன். வலையை எடுத்தால் மீன் செதில் போல் மஞ்சள் கோடுகள். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, “இது நீங்க செஞ்சதா?” என்று கேட்டாள். நாற்பது வருஷத்தில் அபூர்வமாகக் கேட்ட கேள்வி. ஒரு எச்சரிக்கை, ஒரு பெயிண்டின் மேல் இன்னொன்றை எப்போது அடிக்கலாம் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து. நடுவில் அடித்தால் கீழே இருப்பது சுருங்கி மடிப்பு விழும்.

மேலே கிளியர் கோட். இரண்டு பாகத்தைக் கலந்து அடிப்பது நன்றாக உழைக்கும். ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. கொரோனாவுக்குப் போட்ட துணி முகக்கவசம் அதைத் தடுக்காது, ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. அதை நான் வீட்டில் செய்யவில்லை. தகுந்த முகமூடி வைத்திருக்கும் அந்தத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இனிமேல் சொல்வது என் தொழில் சம்பந்தப்பட்டது. பெயிண்ட் காய்வது வேறு, முதிர்வது வேறு. தொட்டால் ஒட்டாத நிலை அரை மணியில் வந்துவிடும். உள்ளே இறுகி முழு பலம் பெற ஒரு வாரம், எனாமல் என்றால் பல வாரம். பிக்சட் டெபாசிட்டைப் பாதியில் உடைத்தால் என்ன ஆகும் என்று கவுண்டரில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்குச் சொன்னவன், மே மாதம் மூன்றாம் நாளே உடைத்தேன். இந்த முறை மூன்று வாரம் யாரையும் தொடவிடவில்லை. தீபாவளி வரை பேத்தி பயிற்சிக்கூடத்து ரைஃபிளில்தான் சுட்டாள். தினமும் போன் செய்து, “முதிர்ந்துடுச்சா?” என்று கேட்பாள்.

அடித்ததைக் காப்பாற்றுவதும் இருக்கிறது. குழலுக்கு எண்ணெய் போடும்போது கட்டையில் பட்டால் உடனே துடைக்க வேண்டும். கொசு விரட்டிகள் சிலவற்றில் டீட் என்ற பொருள் இருக்கும். அது பெயிண்டையும் சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கிவிடும். கையில் தடவிக்கொண்டு பிடித்தால் விரல் பதிந்த இடம் பிசுபிசுக்கும். மூடிய காருக்குள் வெயிலில் விடக் கூடாது. உங்கள் வீட்டுப் பொருள்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். பிவிசி குழாய்களைச் சுரண்டிவிட்டு அடித்தால் நன்றாக நிற்கும், வெயிலிலிருந்து குழாய்க்கும் காவல். ஆனால் ஹெல்மெட்டுக்கு மட்டும் யாரும் பெயிண்ட் அடிக்காதீர்கள். அதிலிருக்கும் கரைப்பான் ஓட்டைப் பலவீனப்படுத்தும், வெளியே பார்த்தால் தெரியாது.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்காக. பொம்மைத் துப்பாக்கியின் நுனியில் ஆரஞ்சு நிறம் இருக்கும். அமெரிக்காவில் அதற்கு 1988-லேயே சட்டம் போட்டார்கள். 2014-ல் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் 12 வயதுப் பையன் ஒருவன் ஆரஞ்சு நுனி இல்லாத விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்றான். நிஜம் என்று நினைத்துப் போலீஸ்காரர் சுட்டுவிட்டார். பையன் இறந்துபோனான். ஆகவே பொம்மையை நிஜம் போலக் கறுப்பாக்குவது எந்த வயதிலும் விளையாட்டு இல்லை. நான் செய்ததற்கும் எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு என்பதைப் பிறகுதான் யோசித்தேன். மஞ்சளும் பச்சையுமாக இருக்கிற நிஜ ஏர் ரைஃபிளைப் பார்க்கும் குழந்தை அதைப் பொம்மை என்று எடுத்துவிடும். ஈயக்குண்டு கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் அவள் இங்கே வரும்போது ரைஃபிள் பூட்டிய பெட்டியில், குண்டு வேறு அலமாரியில், சாவி என் பூணூலில் என்று வீட்டுக்காரம்மா கேலி செய்வாள், உண்மையில் என் பர்ஸில்.

தீபாவளிக்குப் பிறகு எடுத்துப்போனாள். இரண்டு மாதமாக வாரத்தில் நான்கு நாள் கன்னம் வைத்துச் சுடுகிறாள். கன்னம் படும் இடத்தில் ஒரு துளி போகவில்லை. விசைக்குப் பக்கத்தில் கூர்மையான ஓரத்தில் மட்டும் மிளகு அளவு பெயர்ந்திருக்கிறது. ஓரங்களை நான் போதுமான அளவு தேய்க்கவில்லை, பொங்கலுக்கு வரும்போது சரிசெய்ய வேண்டும். கர்ச்சீப் இப்போது கர்ச்சீப் வேலையைச் செய்கிறது.

அடுத்த ஞாயிறு காலை எட்டரை மணிக்கு மாடிப் படியருகே ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் இதைச் செய்து காட்டுகிறேன். விருப்பமுள்ளவர்கள் வரலாம். இந்த முறை குழுவில் இன்றே போட்டுவிட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு மட்டும் வராதீர்கள். இனி தண்ணீர் மோட்டாருக்குப் போகலாம்.